என் கதையில் அவள் மாமனைக் கட்டவில்லை

இன்றைக்கும் அந்தத் தயாரிப்பாளரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே மாத நாவல் எழுதினேன். காலேஜ் பிள்ளைகள் படிக்கிற காதல் கதைகள்தான். அதில் ஒன்றை டிவி நாடகமாக எடுக்க அவர் சென்னையிலிருந்து வந்தார். அந்தக் கதையில், நிச்சயத்துக்குப் பூ வைக்கக் கூடியிருந்த சபை நடுவே, "தாய்மாமனைக் கட்டமாட்டேன்" என்று கதாநாயகி சொல்லிவிடுவாள். பிடித்தவனுக்காகக் காத்திருப்பாள். கதையின் முடிவில் கை வைக்க மாட்டேன் என்று என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார் அந்த மனுஷன்.

அடுத்த வீட்டுப் பெண் அந்த நாவலைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தவள். அவளுக்கும் அம்மாவின் தம்பியைத்தான் பேசியிருந்தார்கள். அவள் மனசோ புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடையில் வேலை பார்த்த ஒரு பையன் மேல்.

"எங்கம்மைக்குப் படிக்கத் தெரியாதுக்கா. நாடகத்தப் பாத்தா புரியும்லா. அன்னைக்கே நானும் சொல்லிருதேன்" என்றாள்.

தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. தெருவே வந்து உட்கார்ந்தது. கடைசிக் காட்சியில் என் கதாநாயகி அழுதுகொண்டே தாய்மாமன் காலில் விழுந்தாள். அவன் தாலி கட்டினான். அந்தக் காட்சிக்கு மேலேயே 'கதை' என்று போட்டு என் பெயர். அடப் பாவி.

அடுத்த வீட்டுப் பெண்ணின் அம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாட்டி, அந்தப் பிள்ளைக்குப் புத்தி வந்துட்டு" என்றாள்.

"நான் அப்படி எழுதல" என்று கத்தினேன்.

"சும்மா இருங்க டீச்சர், கண்ணால பாத்தோம்லா" என்று சிரித்தார்கள். அவள் மட்டும் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் டிரங்க் கால் போட்டுத் தயாரிப்பாளரைப் பிடித்தேன். "இது குடும்பமா உக்காந்து பாக்கிறதும்மா. புக்குன்னா பிள்ளைங்க ஒளிச்சு வச்சுப் படிச்சுக்கும்" என்றார். ஒளித்து வைத்துப் படித்தவளுக்காகத்தானே எழுதினேன்? நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

ஆடித்தவசு முடிந்து ஆவணி பிறந்ததும் அவள் அம்மை வெற்றிலை பாக்கோடு கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாள்.

"கோமதியம்மனுக்கு வச்ச பொறவு மொதப் பத்திரிக உங்களுக்குத்தான் டீச்சர். உங்க கதையப் பாத்ததுக்கு அப்புறம் பிள்ள ஒரு வார்த்த எதுத்துப் பேசல" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.