சனோபருக்கு ஆகாமல் போனவை

மாஸ்கோவில் ஏதோ ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்துவிட்டதாம். ஊற்றடியில் வாளியை வைத்துவிட்டு, பக்கத்துக் கூடாரத்து ஹுர்னிசாதான் சொன்னாள். அவளுக்குச் சொன்னது சந்தையில் ரொட்டி விற்கும் நாத்தனார். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று அவளுக்கே தெரியாது.

"நம்ம ஊர்ப் பசங்க வேலை பாக்குற இடம்னு பேசிக்கிறாங்கக்கா. உங்க ஷோக்கிர் அங்கேயா இருக்கான்?"

"அவன் பெயின்ட் வேலைதானே பாக்குறான்," என்றாள் சனோபர். பெயின்ட் அடிக்கிறவனும் சாரத்தில்தான் நிற்பான் என்பது சொல்லி முடித்த பிறகே உறைத்தது.

போன வருஷம் ஏப்ரல் பனியில் பூ கருகி வால்நட் காய்ப்பே இல்லை. ஆகல, என்று மலைக்காட்டு ஊரான அர்ஸ்லான்பாபில் எல்லோரும் சொன்னார்கள். அங்கே எதற்கும் அதுதான் பேச்சு. தந்தூர்ச் சுவரில் ஒட்டாமல் ரொட்டி சாம்பலில் விழுந்தால் ஆகல. லாரி கிளம்பாவிட்டால் ஆகல. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பிவராவிட்டாலும் ஆகல. அதைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

சனோபர் நர்ஸ் படிக்க ஓஷ் நகரத்துக்குப் போனாள், ஆகல. முதல் கல்யாணம் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. சீதனமாகப் போன மெத்தைகள் லாரியில் அடுக்கப்பட்டுப் பெரிய தெரு வழியாகத் திரும்பி வந்தன. வாசல்தோறும் நின்று பார்த்தவர்கள் "சனோபருக்கு ஆகலையாம்" என்றார்கள். அடித்தவனைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு மனைவியை இழந்த மமதாலிக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். மகன் ஷோக்கிருக்கு முன் வயிற்றில் தங்காமல் போன இரண்டுக்கும் ஊரில் அதே சொல்தான்.

போன வாரம் ஷோக்கிர் மாஸ்கோவிலிருந்து போனில் கூப்பிட்டிருந்தான்.

"இங்க முடியலம்மா. வந்துடட்டுமா?"

"வால்நட் முடியட்டும்டா. இப்ப வந்தா ஊரு என்ன சொல்லும்? இவனுக்கு ரஷ்யா ஆகலைன்னு சொல்லும். அப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்?"

அவன் சிரித்தான். "சரி, ஊருக்கு என் சலாமைச் சொல்லிடு."

சனோபர் வாளியோடு, வால்நட் பொறுக்கத் தங்கியிருந்த காட்டுக் கூடாரத்துக்கு ஓடி வந்தபோது மமதாலி மரத்தின் உச்சியில் நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருந்தான். மரத்தில் நிற்பவனைக் கீழிருந்து கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டால் கால் தவறும். கேட்டதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் உதிர்ந்த காய்களைப் பொறுக்கினாள். காய்த்தோலின் சாறு பட்டு விரல்களெல்லாம் கறுப்பாகின. அவன் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"யாரு, ஹுர்னிசாவா? அவ சொன்னா பாறைக்குக்கூடச் சிறகு முளைக்கும்," என்றான் மமதாலி. பிறகு சட்டைமேல் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, காரணமில்லாமல் மறுபடி கட்டினான். "மேட்டுக்குப் போ. போன் பண்ணு. நானும் வரேன்."

காட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் அந்த மேடு ஒன்றுதான். அங்கே ஏற்கெனவே இரண்டு பெண்கள் போனைக் காதில் வைத்தபடி நின்றார்கள்.

"யாருக்காச்சும் கெடச்சுதா?" என்றாள் சனோபர்.

"ரிங் போகுது. எடுக்கல."

"ரிங் போகுதுன்னா நல்லதுதானேக்கா?" என்றாள் இளையவள். மூத்தவள் மறுபடி எண்ணைத் தொட்டாள்.

சனோபர் விரல்களைப் பாவாடையில் அழுத்தித் துடைத்து மகனின் பெயரைத் தொட்டாள். ரிங் போயிற்று. சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சரிபார்த்துக்கொண்டாள்: வந்துடுடா. காய் கிடக்கட்டும், ஊரு கிடக்கட்டும், நீ வந்துடு.

அழைப்பு தானாகவே அறுந்தது. மறுபடி தொட்டாள். மமதாலி அருகே வந்து போனின் மறுபக்கத்தில் காதை வைத்தான். ரிங் போய்க்கொண்டே இருந்தது.