சொந்தப் புருஷனோடு ஒரு கிசுகிசு

எங்கள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்த அன்றே அவள் சண்டையோடுதான் ஆரம்பித்தாள். ஜன்னல் பாதிதான் திறக்கிறது என்று, பாஷை தெரியாமலேயே கையை ஆட்டி ஆட்டி வீட்டுச் சொந்தக்காரனை ஒரு வழி பண்ணிவிட்டாள். அவன் மறுநாளே ஆளைக் கூட்டிவந்து சரிசெய்தான். கீழறையில் பல வருஷமாக என் ஜன்னலும் பாதிதான் திறந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

ஊரில் தையல் கடை வைத்திருந்தவள். புருஷன் பஸ் கண்டக்டர், அதிர்ந்து பேசாத மனுஷன். அவருடைய அண்ணனை நம்பித்தான் இருவரும் நாடு விட்டு நாடு வந்திருந்தார்கள். அண்ணன் தங்கமான ஆள்தான். ஆனால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் வேலை பார்த்தோம். அங்கேயே இவர்களுக்கும் சொல்லிவைத்து, வேலைக்குப் போகும் முன் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"நல்லா கேட்டுக்கோங்க. புருஷன் பொண்டாட்டின்னு அங்க மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நானும் உங்க அண்ணியும் ஆறு வருஷமா அப்படித்தான் ஓட்டுறோம்."

அவர் சொன்னது நிஜம். இஸ்திரி மெஷின் பக்கம் அவர், அழுக்குத் துணி பிரிக்கும் பக்கம் அண்ணி. சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு மூலை. அதுதான் அங்கே சட்டம் என்று நானும் நம்பியிருந்தேன். எனக்குத்தான் புருஷன் இல்லையே, விசாரிக்க எனக்கென்ன தலையெழுத்து?

"கட்டினவரையே யாருன்னு தெரியாதுன்னு சொல்லணுமா? என்ன கண்றாவி இது அத்தான்?" என்றாள் தையல்காரி.

"கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. ரெண்டு பேருக்கும் வேலை வேணும்ல?" என்று கண்டக்டர்தான் அவளை அடக்கினார்.

வேலையிடத்தில் யாராவது கேட்டால் கல்யாணம் ஆகிவிட்டது என்று இருவருமே சொன்னார்கள். துணை யார் என்பதை மட்டும் முழுங்கிவிட்டார்கள். வந்த வினையே அதுதான்.

விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலகி மடிக்க வேண்டும். ஒரு நாள் கண்டக்டருக்கு ஜோடியான ஆள் வரவில்லை. மேற்பார்வைக்காரி கையில் சிக்கிய தையல்காரியை எதிரே நிறுத்தினாள். ஊரில் மொட்டை மாடியில் எத்தனை புடவையை இப்படி இரண்டு பேருமாக மடித்திருப்பார்களோ! அவள் உதறினால் இவர் இழுத்தார், இவர் வந்தால் அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு பேச்சுக் கிடையாது. மேசை மளமளவென்று காலியானது. மேற்பார்வைக்காரிக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து அவர்கள்தான் நிரந்தர ஜோடி.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எந்த ஊரானால் என்ன, வாய் வாய்தான். கல்யாணமான பெண்ணும் கல்யாணமான ஆணும் விரிப்பு மடிக்கிற சாக்கில் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள், கைபடும்போது சிரிக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவதி மேனேஜர் வரை போய்ப் பற்றவைத்தாள். விசாரணைக்கு மறுநாள் வரச்சொல்லி ஆள் வந்தது.

அண்ணன் மாடியறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "தப்புதான்னு மன்னிப்பு கேட்டுடுங்க. ஒருத்தர் ராத்திரி ஷிஃப்டுக்குப் போயிட்டா விஷயம் ஆறிடும்."

"என் புருஷனைப் பார்த்துச் சிரிச்சதுக்கு நான் எவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்?" தையல்காரி பாய்ந்தாள். "இவர் வரும்போது நான் போகணும், நான் வரும்போது இவர் போகணும். இதுக்கா கடல் தாண்டி வந்தோம்? அதோட, கெட்டுப்போனவள்னு பேர் வேறயா எனக்கு? போற வேலை போகட்டும், அத்தான்."

கண்டக்டர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் சம்பளத்தில் அந்த அறை நிலைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மேனேஜர் அறையில் பாஷை பெயர்த்துச் சொல்ல நான் போய் நின்றேன். சிபாரிசு பண்ணியவர் என்று அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி அழுக்குத் துணி தள்ளுவண்டியோடு கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள்.

"உங்களுக்குள்ள என்ன உறவு?" என்று கேட்டார் மேனேஜர்.

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். அதற்குள் கண்டக்டர் எழுந்து நின்றார். "இவ என் பொண்டாட்டி. பொய் சொன்னது நான். அவ அன்னிக்கே வேணாம்னா."

தையல்காரி விடுவாளா? "கேளுங்கக்கா அவர்கிட்ட! என் வீட்டுக்காரர் கையை நான் பிடிச்சா இவங்களுக்கு என்ன வந்துச்சாம்? ரெண்டு பேரையும் வெச்சுக்கிறதுன்னா வெச்சுக்கட்டும். இல்லைன்னா ரெண்டு பேரும் போறோம். ஒருத்தரை மட்டும் பிரிச்சு அனுப்புற கதை இங்க நடக்காது."

ஒரு வார்த்தை குறைக்காமல் பெயர்த்துச் சொன்னேன். என் பங்குக்கு இரண்டு சேர்த்தும் சொன்னேன், அது வேறு விஷயம்.

மேனேஜர் குழம்பிப்போனார். "இதை ஏன் மறைச்சீங்க? தம்பதியா வேலை செய்யக் கூடாதுன்னு யார் சொன்னது? ஒருத்தருக்கு மேல இன்னொருத்தர் அதிகாரியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. போய் வேலையைப் பாருங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சேர்ந்த புதிதில் யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, திருப்பிக் கேட்கப் பயந்து ஓட்டிய மனுஷன். இப்போது எச்சில் விழுங்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். மேனேஜர் பேசியது வெளியே நின்ற அண்ணிக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் தையல்காரியும் கண்டக்டரும் எல்லோர் கண்ணும் பார்க்க நடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பற்றவைத்த புண்ணியவதி இருந்த பக்கம் பார்த்து, புருஷன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தும் தின்றாள் அவள். அண்ணன் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அசட்டுச் சிரிப்போடு அண்ணியின் மூலைக்குப் போனார்.

"அதான் இனிமே பயமில்லையே. நகர்ந்துக்கோ, நானும் உக்காருறேன்."

அண்ணி நகரவில்லை. ஆறு வருஷத்தில் அந்த அறையில் நான் கேட்ட அவள் முதல் குரல் அது. எல்லா மேசைக்கும் கேட்டது.

"உங்களை யாருன்னு தெரியாது, தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி, இப்ப நெசமாவே தெரியலைங்க. வேற இடம் பாருங்க."