வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் சித்தப்பா

என் சித்தி பள்ளிச் சீருடை தைப்பவள். தெருவில் அவளுக்குப் பெயர் 'கமிஷன் டெய்லர்'. காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க எங்கள் ஊருக்கு ஏழு சர்வதேசக் குழுக்கள் வந்து போயிருந்தன. ஏழிலும் சாட்சி சொன்னவள் சித்தி ஒருத்திதான். குழு வரப்போவது பத்திரிகைக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். "மூலைக்கடைல தண்ணி பாட்டிலை மொத்தமா அள்ளிட்டுப் போறான். நாளன்னிக்கு வெள்ளை வண்டி வந்துரும் பாரு."

புதிதாகச் சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுப்பாள். "ரொம்ப அழுதா, 'மனநல ஆலோசனை தேவை'ன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்ருவான். அழவே இல்லன்னா நம்ப மாட்டான். கண்ணு கலங்கணும், சொட்டக் கூடாது. அளவு பாத்துக்க."

அவளுடைய சங்கதி இதுதான். பதினேழு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை போர் முடிந்தது. ஏதோ ஒரு நாட்டின் ஓட்டலில் இரு பக்கத்துத் தலைவர்களும் கைகுலுக்கினார்கள், பெரிய நாடுகள் கைதட்டின. திங்கட்கிழமை பள்ளிகள் திறக்கும் என்று அறிவித்தார்கள். சித்தியிடம் நாற்பத்திரண்டு சட்டைகள் பொத்தான் இல்லாமல் கிடந்தன. ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சித்தப்பா பொத்தான் வாங்க சைக்கிளில் கிளம்பினார். சந்தியில் நின்றிருந்த ராணுவ லாரிக்காரர்கள் அவரை நிறுத்திப் பேர் கேட்டார்கள். பதில் வந்த மொழி பிடிக்கவில்லை. சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை நாற்பத்திரண்டு பிள்ளைகள் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள்.

வந்த குழுக்களெல்லாம் போர்க்காலத்தை விசாரிக்க வந்தவை. போர்க்காலம் வெள்ளி நள்ளிரவோடு முடிந்துவிட்டது. சித்தப்பாவோ சமாதானத்தில் காணாமல்போனவர். சமாதானத்தை விசாரிக்க எந்த நாடும் இன்னும் ஆள் அனுப்பவில்லை. குழுவின் பட்டியலில் பெயர் ஏறினால், ஆள் என்ன ஆனார் என்று ராணுவம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சித்தி கேட்டதெல்லாம் அந்த ஒரு வரிப் பதிலைத்தான்.

எல்லாக் குழுக்களுக்கும் ஒரே குமாஸ்தாதான். குழு மாறும், அவர் நாற்காலி மாறாது. "ஏம்மா, ரெண்டே நாள் வித்தியாசம். வெள்ளிக்கிழமைன்னு சொல்லித் தொலையேன். யாரு கேக்கப் போறா?" என்பார்.

"வெள்ளிக்கிழமை அந்த மனுஷன் வீட்ல இருந்தாருய்யா. சாயந்திரம் என்கூடச் சண்டை போட்டாரு. மறுநாள் நிவாரண டிப்போல மாவு வாங்கிட்டு வந்து சமாதானமானாரு. அதையெல்லாம் எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறது?"

எட்டாவது குழு வந்தபோது நான் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். வெளிநாட்டு மொழி படித்திருந்ததால் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அம்மா தெருவுக்கே காட்டினாள். உறவினர்களுக்கு நாங்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. சித்தி முந்திக்கொண்டாள். "அங்க உனக்கு நான் சித்தி இல்ல. இருபத்தொம்பதாம் நம்பர். நீ எனக்கு மேடம்."

மூடிப்போன வங்கி ஒன்றின் மாடியில் விசாரணை நடந்தது. குழுத்தலைவி வெளிநாட்டுக்காரர், உயரமானவர். ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் நெஞ்சில் கைவைத்துத் தலையைச் சாய்ப்பார். இருபத்தெட்டு முறை சாய்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு, சித்தியின் முறை வந்தபோது தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல, மேடம். மணி எட்டு" என்றாள் சித்தி.

நான் குழுத்தலைவியைப் பார்த்து, அவருடைய மொழியில், வெள்ளிக்கிழமை காலை என்றேன்.

வாய் தவறிச் சொல்லவில்லை. முதல்நாளே யோசித்து வைத்திருந்தேன். சித்திக்குப் பிடிவாதம், நமக்குப் படிப்பு இருக்கிறது, அவளுக்கு எது நல்லது என்று நமக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். வெள்ளை வண்டியில் வந்து இறங்குகிறவர்களும் இதைத்தானே நினைக்கிறார்கள்? அன்று அது தோன்றவில்லை. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த, இரண்டு மொழியும் தெரிந்த குமாஸ்தா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார்.

இரண்டு வாரத்தில் வங்கி வாசல் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். சித்தப்பா பெயர் இருந்தது. சித்தி அந்த வரியைத் துணியின் நெசவு பார்ப்பதுபோல் விரலால் தடவிப் பார்த்தாள். "எட்டாவது கமிஷன்தான்டி மனுஷங்க" என்றாள். அன்று கடையைச் சாத்திவிட்டு என்னோடு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் சித்தப்பாவின் குறட்டையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள்.

நான்கு மாதம் கழித்து, ராணுவத்தின் பதிலோடு குழுவின் கடிதம் வந்தது. தைத்துக்கொண்டே, "படி" என்றாள். படித்தேன். வெள்ளிக்கிழமை கொண்டு செல்லப்பட்டதாகச் சொல்லப்படும் நபர், மறுநாள் சனிக்கிழமை நிவாரண டிப்போவில் கையெழுத்துப் போட்டு மாவு வாங்கியிருக்கிறார். பதிவேட்டின் நகல் இணைப்பு. ஆகவே குழு அவர் பெயரை நீக்குகிறது. சாட்சி நம்பத்தகாதவர். இனி வரும் குழுக்களும் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

சித்தப்பாவைக் காப்பாற்ற முடியாத உலகம், அவர் கையெழுத்தைப் பதினேழு வருடம் கரையான் அண்டாமல் காப்பாற்றி வைத்திருந்தது.

தையல் இயந்திரம் நின்றது. "வெள்ளிக்கிழமையா? நான் எப்படி வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்?"

நான் காகிதத்தை மடித்தேன்.

"உன் வேலையா?"

தலையாட்டினேன்.

"சனிக்கிழமை மாவு வாங்கினாருன்னு நான்தானடி ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்! நான் சொன்னது நெசம்னு காட்ட ஒரே ஒரு காகிதம் கெடைச்சிருக்கு, அதுவே என்னைப் பொய்க்காரி ஆக்கிடுச்சே. பதினேழு வருஷமா அந்த ராணுவத்தால முடியாததை நீ ஒரே நாள்ல சாதிச்சிட்ட. நல்லாப் படிச்சடி!"

மறுநாள் இருவரும் குமாஸ்தாவிடம் போனோம். பதிவான சாட்சியத்தைத் திருத்த வழியில்லை என்றார். ஊழியர் மேல் புகார் கொடுத்து அது நிரூபணமானால் மட்டும் திருத்தலாமாம். ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அதில் நான்காவது கட்டம்: குற்றம் செய்தவர் பெயர். நான் வாசித்துச் சொன்னதும் சித்தி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குத்தம் செஞ்சவன் பேரைக் கேக்குற ஃபாரமும் வச்சிருக்கீங்களா? இத்தனை வருஷமா இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"அது ஊழியர்களுக்கு மட்டும்மா."

சித்தி என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "வேலை போயிரும்டி. அக்கா என்னை உசுரோட விடமாட்டா."

"எழுதறேன் சித்தி."

கொஞ்ச நேரம் என் அடையாள அட்டையையே பார்த்தாள். "சரி, எழுது. முழுப் பேரா எழுது. அரைகுறையா எழுதினா, அது யாருன்னு கண்டுபிடிக்க இன்னொரு கமிஷன் போட்ருவான்."

பத்தொன்பதே நாளில் விசாரணை முடிந்தது. என்னை விசாரிக்க விமானத்தில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியும் என்றேன். விதிப்படி எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தார்கள். குற்றம் நிரூபணமாயிற்று, வேலை போயிற்று. குழுவின் இறுதி அறிக்கையில் 'பொறுப்புக்கூறல்' என்று ஓர் அத்தியாயம் உண்டு. போர் நடத்திய தளபதிகளில் பலர் இன்று அமைச்சர்கள். நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் எண்ணிக்கை: ஒன்று. அது நான்.

சித்தியின் சாட்சியம் திருத்தப்பட்டது. நம்பத்தகாதவர் என்ற சொல்லை அடித்தார்கள். தேதி ஞாயிறுக்குப் போனது. அதனால் சித்தப்பா மறுபடி சமாதானத்துக்குள் போய் விழுந்தார். பட்டியலில் அவர் இல்லை. நகலைக் கொண்டுவந்து கொடுத்ததும் சித்தி மூன்று முறை வாசிக்கச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா சித்தி."

"அப்பச் சரி. ஒம்பதாவது வராமலா போயிருவான்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவன் பாஷைல ஞாயித்துக்கிழமைக்கு என்ன? அதை மட்டும் சொல்லிக் குடு. நானே சொல்லிக்கறேன்."

சொல்லிக்கொடுத்தேன். இயந்திரத்தை மிதித்துக்கொண்டே பத்துப் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"நீ சொல்றது இருக்கட்டும்" என்றாள் சித்தி. "நாளைக்குக் குமாஸ்தாகிட்டயும் ஒரு வாட்டி கேட்டுக்கறேன்."