அம்மாவின் முதல் பிரசங்கம்

எங்கள் அப்பாவுக்கு மைக் என்றால் உயிர். கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் பொங்கலோ, எங்கே மைக்செட் கட்டியிருந்தாலும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அதை அவர் கையிலிருந்து பிடுங்க ஆள் விட வேண்டும். அப்பேர்ப்பட்ட மனுஷர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதென்று முடிவுசெய்து, வெள்ளைச் சட்டையெல்லாம் தைத்து வைத்திருந்த சமயம் பார்த்து, கேரளத்து மலையிலிருக்கும் எங்கள் சக்குபள்ளத்தில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏ புள்ள, நீ நில்லு. பேசுறதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். ஏலம் உச்சியில் காய்க்காது. அடித்தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும். அதனால் பெண்கள் தூருக்குத் தூர் குத்தவைத்து, குனிந்த தலை நிமிராமல் எடுப்பார்கள். மேலே ஆளுயரத்துக்கு இலை மூடியிருக்கும். ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் போய்வரும். அங்கே அம்மாவின் வாய்க்கு ஈடு கிடையாது. ரேஷன் அரிசியின் நாற்றத்திலிருந்து சூப்பர்வைசரின் நடைவரை அவள் அலச, செடிகளுக்கு அப்பாலிருந்து சிரிப்பு கிளம்பும். லீவு நாளில் கூடப் போய் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்து வாசலில் அசலூர் ஆள் ஒருத்தர் நேருக்கு நேர் நின்று பெயர் கேட்டால் போதும், என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"அது சாவி குடுத்தா ஆடுற பொம்மைப்பா. சாவி வீட்டுக்காரன்கிட்ட இருக்கு" என்று ஜங்ஷன் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது அம்மா காதுக்கும் வந்தது. முதல் பொதுக்கூட்டத்தில் தானே பேசப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு நான் பேசலைன்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஓட்டுக் கேக்கப் போவேன்?"

அப்பா பிரசங்கம் எழுதினார். 'பிரியப்பட்ட நாட்டுகாரே' என்று மலையாளத்தில் ஊர்க்காரர்களை விளித்துத் தொடங்கி, தமிழில் இறங்கி, நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு பக்கம் ஓடும். சாயங்காலமானால் அம்மாவைப் பெஞ்சின் மேல் ஏற்றி, கையில் கரண்டியைக் கொடுப்பார். "நெஞ்சை நிமித்து! கடைசியில நிக்கிறவன் கண்ணைப் பாரு!" என்பார். அம்மா கரண்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், சிரித்துவிடுவாள். ஆனால் நான் விறகு அடுக்கிக்கொண்டே முழுப் பிரசங்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். எனக்கு மட்டும் வயது இருந்திருந்தால் நானே நின்றிருப்பேன். அவ்வளவு திமிர்.

கூட்டத்தன்று ஜங்ஷனில் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். நாற்காலிகளில் ஆண்கள். வேலை விட்டு நேரே வந்த பெண்கள், இடுப்பில் கட்டிய சாக்கோடு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கஞ்சி போட்ட சேலையில் விறைப்பாக ஏறி நின்றாள்.

"பிரியப்பட்ட நாட்டுகாரே..."

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. மேடை ஓரத்தில் நின்று அடுத்த வரியை நான் கிசுகிசுத்தேன், அப்புறம் கத்தியே சொன்னேன். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. மைக் வீல் என்று கத்தியது.

"யாராச்சும் சாவி குடுங்கப்பா!" என்று டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல் வர, நாற்காலிகள் கொல்லென்று சிரித்தன. புது வெள்ளைச் சட்டையில் அப்பா எழுந்து மைக்குக்காகக் கையை நீட்டினார். அவர் முகத்தில் அப்படியொன்றும் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவினாள். ஸ்டாண்டை அப்பா கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கஞ்சிச் சேலை மொடமொடக்க அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். தலை குனிந்தது. இடது கை விரல்கள் பலகையில் காய் எடுப்பதுபோல் தன்னால் அசைந்தன. குரல் வந்தது பாருங்கள்!

"ஏய், மேக்கால யாரு இருக்கா? ஒங்க லயத்துக் குழாயில தண்ணி வருதா, காத்து வருதா?"

தரையிலிருந்து ஒருத்தி, தலை நிமிராமலே, "காத்துதான் வருதுக்கா!" என்றாள்.

"எங்களுக்கு அதுவும் வரலை!" என்றாள் இன்னொருத்தி.

பிறகென்ன, தோட்டம்தான். அம்மா ஒன்று கேட்க, அவர்கள் ஒன்று சொல்ல, குழாய், இருட்டிக் கிடக்கும் பாதை, அங்கன்வாடியின் ஒழுகும் கூரை என்று பேச்சு ஓடியது. மேடையில் ஆளைக் காணாமல் ஆண்கள் ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா உட்கார்ந்திருக்க, ஆண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். வெறும் ஸ்டாண்டைப் பிடித்தபடி அப்பாவும் நின்றார்.

எனக்கோ அழுகை முட்டியது. அப்பா எழுதியதில் ஒரு வரிகூட இல்லை, மேடையில் போய் யாராவது குத்தவைப்பார்களா, எங்கள் மானம் கப்பலேறிவிட்டது என்று மைக்செட்காரரின் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பெண்கள் எல்லோரும் அம்மாவைச் சூழ்ந்து கன்னத்தைக் கிள்ளியதெல்லாம் ஆறுதல் சொல்வதற்கென்றே நினைத்தேன். அவள் அந்தத் தேர்தலில் ஜெயித்தது பிற்பாடு.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏம்மா உக்காந்த?"

"கால் வலிச்சுச்சுடி" என்றாள் அம்மா. திண்டில் சாய்ந்திருந்த அப்பா சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

பாவம், அம்மா. எனக்கு மனசே ஆறவில்லை. வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, அவள் கால்களை அதில் இறக்கி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டேன். அவள் என் தலையைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பொழுதுக்கும் குத்தவைத்துக் காய் எடுத்துவிட்டு வந்த காலுக்கு நிற்பதுதான் சுகம், மறுபடி குத்தவைத்து உட்காருவதுதான் வலி என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.