பின்னுக்கு ஓடியவள்

இந்த இங்கிலாந்தில் பனியில் பஸ் சறுக்கினால் எல்லோரும் பக்கத்திலுள்ள கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள். நான் மட்டும் எழும்பிப் பின்பக்கம் போய்விடுவேன். "அங்கே என்ன இருக்கிறது, அன்பே?" என்று கொண்டக்டர் பெண் ஒவ்வொரு முறையும் கேட்பாள். மூதூர் இருக்கிறது என்றால் அவளுக்கு விளங்குமா? சும்மா தலையை ஆட்டிவிட்டு நிற்பேன்.

நான் இலங்கையில், மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான்காரி. திருகோணமலைப் பள்ளி விடுதிக்குப் போக மூதூரில் லோஞ்சு என்கிற மோட்டார் படகில் ஏறவேண்டும். வாடைக் காலத்தில் துறையடியில் மண் மேடு போட்டுவிடும். லோஞ்சின் அணியம், அதுதான் மூக்குப்பக்கம், அதில் ஏறிக் குத்தி நிற்கும். லோஞ்சு ஓட்டும் காசீம் நானா உடனே சத்தம் வைப்பார்: "பின்னுக்கு வாங்க, எல்லாரும் பின்னுக்கு!" மீன்காரர், பிள்ளைத்தாய்ச்சி, அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் எல்லோரும் பின்னால் போய் நெருக்கி நிற்போம். பின்பக்கம் தாழ முன்பக்கம் கிளம்பும்; நானா எஞ்சினைப் பின்னோக்கி இழுப்பார். ஒருவரும் பயந்து குளறுவதில்லை. அசையாமல் முன்னால் நிற்கிறவனுக்குத்தான் நல்ல ஏச்சு விழும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து வந்தேன். முதல் விமானப் பயணம். கொட்டும் மழை, காற்று. இறங்கிய பிளேன் நிற்கவில்லை. ஓடுபாதை முடிந்த பிறகும் ஓடி, புல்வெளிக்குள் பாய்ந்து, சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, பக்கத்து வெள்ளைக்கார மனிசியையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "பின்னுக்கு வாங்கோ, எல்லாரும் பின்னுக்கு!" என்று தமிழில் கத்தினேன். சிரிக்காதீர்கள், நாலைந்து வெள்ளைக்காரரும் எழும்பி வந்துவிட்டார்கள்! பணிப்பெண்கள் முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் பின்னால் நெருக்கி நிற்கிறோம். கடைசியில் ஒருத்தி ஓடிவந்து என் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பித் தள்ளினாள். கடவுளே என்று ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதி, மேற்றன், கூப்பிட்டார். மேசையில் விமானக் கம்பனியின் படிவம். "பயணி பீதியில் அறிவிழந்து பின்பக்கம் ஓடினார்" என்று எழுதி, கீழே என் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"ஆபத்தில் அறிவு கலங்குகிறவளிடம் நோயாளியை ஒப்படைக்க முடியாது. இது உண்மையென்றால் கையொப்பமிடுங்கள். ஊருக்கு அனுப்ப ஒழுங்கு செய்கிறேன்" என்றார் மேற்றன்.

"ஓடினது உண்மை. பயந்தது பொய்."

"பயப்படாமல் யார் இப்படி ஓடுவார்கள்?"

"எங்கட ஊரில் எல்லாரும் ஓடுவினம்" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊர் முழுக்கப் பயந்தாங்கொள்ளிகள் என்று விளங்கிக்கொண்டு, பாவப்பட்டுத் தலையசைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயந்தவளாம்! கொட்டியாரக் குடாவை மாரியில் கடந்து படித்தவள் நான். மூலையிலிருந்த கழுவுதொட்டியில் தண்ணீர் நிரப்பி, "இதுதான் எங்கட லோஞ்சு" என்று ஒரு மருந்துத் தட்டை மிதக்கவிட்டேன். அதன் மூக்குக்குக் கீழே சவர்க்காரக் கட்டியைக் கொடுத்து, இரண்டு மருந்துப் போத்தல்களைத் தட்டின் முன்பக்கம் வைத்தேன். தட்டு அசையவில்லை. போத்தல்களைப் பின்னால் நகர்த்தினேன். மூக்குக் கிளம்பித் தட்டு விலகி மிதந்தது.

மேற்றன் குனிந்து பார்த்தார். "விமானம் படகல்ல, பெண்ணே."

"ஓம், இப்ப தெரியும். இனி அந்தப் பிழை விடமாட்டேன். ஆனால் பயந்தவள் என்று எழுதினால் ஒப்பமாட்டேன். அனுப்புவதென்றால் அனுப்புங்கள்."

பேனாவை எடுத்து, "பீதியில் அறிவிழந்து" என்பதை வெட்டினேன். மேலே "எங்கள் ஊர் வழக்கப்படி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மேற்றன் அதை இரண்டுதரம் வாசித்தார்.

"திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டில் நில்லுங்கள்" என்றார்.

போன வருடம் லீவில் ஊருக்குப் போனேன். வாடைக் காற்று, அதே மண் மேடு, லோஞ்சு குத்தி நின்றது. நரைத்துப்போன காசீம் நானா சத்தம் வைத்தார். சனம் எல்லாம் பின்னால் போக, நான் மட்டும், பிளேனில் அந்தப் பணிப்பெண் முன்னால் தள்ளிய ஞாபகத்தில், விறுவிறென்று முன்னால் போய் நின்று கதவைத் தேடுகிறேன்!

"என்ன தங்கச்சி, வெள்ளக்காரி ஆயிட்டீங்களா?" என்றார் நானா. லோஞ்சே சிரித்தது.

"ஆர் சொன்னது?" என்று கத்திக்கொண்டு திரும்பி, சனத்துக்குள் இடித்துப் புகுந்து நின்றேன். அதுவரை அசையாமல் கிடந்த அணியம், நானும் போய் நின்ற பிறகுதான் மண்ணை விட்டுக் கிளம்பியது.