பூ கொடுத்த மாத்திரை

"வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்… ம், போங்க. அடுத்தாளு!"

திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆள்கணக்கெடுப்பு என்றால் இதுதான் எங்களுக்குப் பள்ளியெழுச்சி. ஆள்பேர் கூப்பிட்டு முடிவதற்குள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அருளாந்து டார்ச் விளக்கும் மாத்திரைச் சீசாவுமாக வந்து நிற்பார். மாத்திரையைக் கையில் வைப்பார், தண்ணீர் குடிக்க வைப்பார், பிறகு வாய்க்குள் வெளிச்சம் அடித்துத் தேடுவார். பொண்ணு பார்க்க வந்தவன்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கமாட்டான் என்று பெண்கள் தலையிலடித்துக்கொள்வார்கள்.

ஆள் ஒல்லி. வெள்ளைக் கால்சட்டை, லைசால் வாசனை. நம்பிக்கை என்பது மருந்துக்கும் கிடையாது. கண்முன்னால் ஆற்றாத காப்பியைத் தொடமாட்டார். பப்பாளி இலைச் சாறு குடித்துக் காய்ச்சல் நின்றது என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "எத வச்சுச் சொல்றீங்க? குடிக்காதவனுக்கு நிக்கலியா? யாரோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?" என்று பிடித்துக்கொள்வார். ஒருநாள் அவர் சம்சாரம், தேங்காய் எண்ணெய் தேய்த்ததால்தான் தன் முடி வளர்ந்தது என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நான் இந்த ரப்பர் தோட்டத்துக் கிராணி, கணக்குப்பிள்ளை. பொய் வரவையும் பொய்ச் சீக்கையும் மோப்பம் பிடிப்பது என் பிழைப்பு. எனக்கே இந்த மனுஷனிடம் மூச்சுமுட்டும்.

இந்த வியாதி கோலாலம்பூரில் தொற்றியது. மருந்து பலிக்கிறதா இல்லையா என்று முறையாகச் சோதிப்பது எப்படி என்று சில வாரம் அங்கே பாடம் கேட்டுவிட்டு வந்தார். வாரம் ஒருதரம் தின்றால் மலைக்காய்ச்சல் வராது என்று ஒரு புது மாத்திரை. அதை எங்கள் தோட்டத்தில் சோதித்துப் பார்க்கும் வேலையை, மலாக்காவிலிருந்து வந்துபோகும் டாக்டர் அவரிடமே விட்டார். சோதனை சுத்தமாக முடிந்தால் சிங்கப்பூரில் சுகாதாரப் படிப்புக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். அன்றிலிருந்து அருளாந்துக்கு வேறு நினைப்பே இல்லை.

"கேட்டு வாங்கறவனுக்குக் குடுத்துப் பாக்கக் கூடாது கிராணி. அவன் கொசுவலையும் கட்டுவான், சாக்கடையும் வெட்டிவிடுவான். காய்ச்சல் கொறஞ்சா எதனால கொறஞ்சதுன்னு எப்படிச் சொல்றது? குலுக்கிப் போடணும். பாதி வீட்டுக்கு மாத்திரை, பாதி வீட்டுக்கு இல்ல. காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் கொயினா மருந்து உண்டு. அப்பத்தான் ரெண்டையும் ஒப்பிட முடியும்."

சரிதான். ஆனால் அவர் வீட்டுப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி டின்னில் போட்டுக் குலுக்கியதும் லயத்து வீடுகளெல்லாம் கதவடைத்துக்கொண்டன. அவசரகாலம் ஐயா! காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகக்கூடாதென்று, பாயா ரும்புட் பக்கம் சிதறிக் கிடந்த லயங்களைப் பிடுங்கி, முள்கம்பிக்குள் ஒன்றாக நட்டு வைத்திருந்த நேரம். செங் ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் விடியற்காலையில் போலீஸ் பெயர் வாசித்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோன ஆட்கள் இன்னும் திரும்பவில்லை. "இவன் தல எண்ணி மாத்தா-மாத்தாகிட்டக் குடுக்கறான் லா, சீட்டுல விழுந்தவன ஊருக்குக் கப்பலேத்திருவான்" என்று பேச்சு. மாத்தா-மாத்தா என்றால் போலீஸ். எனக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமலில்லை. இரத்தம் எடுக்கிறார், வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்கிறார். வேறு எப்படி நினைப்பது?

சளைக்கவில்லை மனுஷன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், நேராக எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வந்து பூசாரி வீரப்பனிடம், பூக்கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வாழையிலைத் துண்டில் கட்டி, அம்மன் காலடியில் குவித்தார்கள். வீட்டுக்கொரு பொட்டலம். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வெள்ளை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று முன்னாலேயே அம்மனிடம் சொல்ல வேண்டும் என்றார் வீரப்பன். கேள்வியைச் சொல்லாமல் பூவெடுத்தால் தெய்வகுத்தமாம். அருளாந்து சத்தமாகச் சொன்னார்: "வெள்ளை வந்த வீட்டுக்கு மாத்திரை. செவப்புக்கு இல்ல." அப்புறம் என்னிடம் வந்து, "இதவிட நல்ல குலுக்கல் கோலாலம்பூர்லயே கெடையாது" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

மாதங்கள் போயின. வெள்ளை வீடுகளில் காய்ச்சல் நன்றாகக் குறைந்தது. சிவப்பு வீடுகளிலும் ஏனோ கொஞ்சம் குறைந்தது. அது அவரை அரித்துக்கொண்டே இருந்தாலும், "வித்தியாசம் தெரியுது, அது போதும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். டாக்டர் வந்து கணக்கை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் வேலி வாசலில், வெள்ளைப் பூ வந்த வீட்டு முத்தாயி மாட்டிக்கொண்டாள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் அரிசியோ மருந்தோ காட்டுக்குக் கடத்துகிறார்களா என்று தினமும் சோதனை நடக்கும். முத்தாயியின் முந்தானை முடிச்சில் பாதி மாத்திரை இருந்தது. அவள் பால் வெட்டும் மரநிரையோ காட்டோரம். போலீஸ் சார்ஜன் அதை உள்ளங்கையில் வைத்து, "இனி ஊபாட், சியாபா பூஞா?" என்று உறுமினார். யாருக்கு இந்த மருந்து என்கிறார். முத்தாயி வாயே திறக்கவில்லை. அவளை ஏற்ற லாரியைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அருளாந்து ஓடிவந்தார். "முத்தாயி, நான் உன் வாயப் பாத்தேனே! நாக்குக்கடியிலகூட ஒண்ணுமில்லையே!"

"வாய்க்குப் போனாத்தானய்யா இருக்கும்? வெரலிடுக்குலயே வச்சுக்கிட்டேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆத்தா பூவால குடுத்த பெரசாதம். தனியாத் திங்கலாமா? தங்கச்சி வீட்டுக்குச் செவப்பு வந்துருச்சுல்ல. பாதி எனக்கு, பாதி அவளுக்கு. என் பாதிய ராத்திரி சாமி கும்பிட்டுத் திங்கலாம்னு முடிஞ்சு வச்சேன். அவ பேரச் சொன்னா அவளையும் லாரியில ஏத்துவாங்கன்னுதான் பேசல."

சிவப்பு வீடுகளிலும் காய்ச்சல் ஏன் குறைந்தது என்று டிரசருக்கு அப்போதுதான் விளங்கியது. மாத்திரை இல்லாத வீடு என்று அவர் நம்பிய வீடுகளில் எல்லாம் பாதி மாத்திரை போயிருக்கிறது. ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. அது வெளியே தெரிந்தால் சோதனை குப்பைக்கு, சிங்கப்பூரும் கூடவே போகும். "எனக்குத் தெரியாது, திருடியிருப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தப்பிக்கும். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். ஒளிப்பானேன், அவர் இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் முத்தாயி சொன்னதை மலாயில் சார்ஜனிடம் சொன்னார். சார்ஜன் சிரித்தார், நம்பவில்லை.

"ஒருத்தியப் பாத்து முடிவு கட்டாதீங்க துவான்," என்றார் அருளாந்து. "வேலிக்குள்ள ரப்பர் ஆலையில வேல செய்யற பொம்பளைங்க வேலியத் தாண்டறதே இல்ல. மாத்திரை காட்டுக்குன்னா காட்டோரம் போறவ முடிச்சுலதான இருக்கணும்? ஆலைக்காரங்க முடிச்சையும் பாருங்க. அங்கயும் இருந்தா இது பிரசாதந்தான். இல்லேன்னா என்னையும் சேத்து ஏத்துங்க."

ஆலைப் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு கை அசைய வேண்டுமே! முடிச்சை அவிழ்த்தால் லாரி என்று அத்தனை பேர் கண்ணிலும் எழுதியிருந்தது. டிரசரைத் தின்றுவிடுவதுபோலப் பார்த்தார்கள், போலீசுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிறான் என்று நாங்கள் அன்றைக்கே சொல்லவில்லையா என்கிற மாதிரி.

"கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார் அவர். "மறைச்சீங்கன்னா முத்தாயி போயிருவா. எத்தன பேரு காட்டறீங்களோ அத்தனைக்கு அவ பொழைப்பா."

கிழவி குஞ்சம்மாதான் முதலில் முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். பாதி மாத்திரை, குங்குமம் ஒட்டியபடி. அடுத்தவளிடம் கால். அதற்கடுத்தவளுக்குச் சொந்தம் அதிகம் போலிருக்கிறது, அவளிடம் வெறும் துணுக்குதான். சார்ஜன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். கடைசியில் "சுடா லா!", போதும் போதும் என்று கையை உதறிவிட்டு, முத்தாயியின் பாதியை அவளிடமே கொடுத்து லாரியை அனுப்பினார்.

அருளாந்து தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு கிராணி. எது வெள்ள வீடு, எது செவப்பு வீடு, இனி யாருக்குத் தெரியும்? நாளைக்கே டாக்டருக்குச் சொல்லியாகணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முத்தாயி வந்து எதிரில் நின்றாள். தன் பாதியை இரண்டாக உடைத்து, ஒரு துண்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். "எடுத்துக்குங்கய்யா" என்றாள்.

அவர் வாங்கினார். டார்ச்சை அடித்து இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நகத்தால் அதை இரண்டாகக் கிள்ளி, ஒரு துணுக்கை என் பக்கம் நீட்டினார்.