சங்கிலி அடகில் இருந்த வருஷங்கள்

எனக்கும் என் சிநேகிதனுக்கும் பதினெட்டு முடிந்த கோடையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படகு வாங்கினோம். பழைய ஃபைபர் படகு. ஏரிக்குள் இருக்கும் தீவான பசியாவரத்தில் ஒருவர் புதிது வாங்கியதால் இதைத் தள்ளிவிட நினைத்தார். அடியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. இன்ஜின் எட்டாவது பத்தாவது இழுப்பில்தான் உயிர் பெறும். ஆனாலும் அதை எங்கள் கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்று பழவேற்காடு ஏரியில் எங்களைவிடப் பெரிய ஆள் கிடையாது என்று இருந்தது.

பணம் எங்களுடையதல்ல. அவனுடைய அக்கா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். எங்களைவிட நான்கு வயது மூத்தவள். நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மூன்று சவரனில் ஒரு சங்கிலி வாங்கியிருந்தாள். அதைக் கழற்றி ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு எங்கள் கையில் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் பாதிப் பாதி. வட்டியும் பாதிப் பாதி. அவன் குடுக்கல இவன் குடுக்கலன்னு எங்கிட்ட கதை சொல்லக் கூடாது, ஆமா,” என்றாள்.

பாங்கில் அடகு வைத்தோம். நகை அவள் பெயரில், கடன் எங்கள் தலையில்.

படகு வாங்க அத்தனை அவசரம் ஏன் என்றால், அதற்கு ஒரு வாரம் முன்புதான் கல்லூரிப் பட்டியல் வந்திருந்தது. பொன்னேரிக் கல்லூரியில் விலங்கியலுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பத்தை நிரப்பியவர் போன் நம்பர் கேட்டார். என் நைனாவின் போன் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அதனால் சிநேகிதனின் நம்பரைச் சொன்னேன். அவன் என்னோடுதான் பிளஸ் டூ தேறினான், ஆனால் விண்ணப்பிக்கவில்லை. நான் விலங்கியல் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

“எறாவப் பத்திப் படிக்கறதுக்கு பஸ் ஏறிப் போவியா? இங்கயேதான்டா கீது!”

முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. நைனா அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவர். செய்தியைக் கேட்டு, “நம்ம பேரு எந்த லிஸ்ட்லதான் வந்துகீது?” என்று மட்டும் சொல்லிவிட்டு வலையின் கிழிசலைப் பார்க்கக் குனிந்துகொண்டார். அந்த வாரத்தில்தான் சிநேகிதன் படகுப் பேச்சை எடுத்தான். எனக்கும் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. சரி என்றேன்.

சாயங்காலம் வலை கட்டிவிட்டு வருவோம். விடிகாலையில் போய் எடுப்போம். இறால், சில நாள் நண்டு, சில நாள் வெறும் பாசி. மூன்று வாரம் அப்படிப் போனது. ஒரு புதன்கிழமை காலை, வலையில் நல்ல இறால். அவன் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். ஆனால் இறாலைக் கூடையில் தட்டாமல் வலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“சேதி வந்துச்சு,” என்றான்.

“இன்னா சேதி?”

“காலேஜ்லேர்ந்து. ரெண்டாவது லிஸ்ட். உனக்கு சீட்டு.”

“எப்போ வந்துச்சு?”

“திங்கக்கெழம.”

“கடைசி நாளு?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “இன்னிக்கு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்.”

எழுந்து அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். படகிலிருந்து பின்பக்கமாக விழுந்தான். அந்த இடத்தில் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது போல, நின்ற இடத்திலிருந்தே பேசினான்.

“நீ பூட்டா நான் மட்டும் எப்படிடா அக்காவுக்குக் குடுப்பேன்? ரெண்டு நாளா சோறு எறங்கல. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல.”

எனக்குக் கோபம் கொதித்தது உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை; இதை அவனிடம் பல வருஷம் கழித்துத்தான் சொன்னேன். அவன் அன்று மாலை ஆறு மணிக்குச் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனை சுலபமாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷமே நினைத்தேன். அவன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் படகிலேயே இருந்திருப்பேன். இப்போது முடிவு என் கையில் இருந்தது. படகுக் கடனில் பாதி என்னுடையது. வட்டி கட்ட வேண்டிய நாள் அடுத்த வாரம். கல்லூரிக்குப் போகிறவன் எதைக் கொண்டு கட்டுவான்?

கை கொடுத்து அவனை ஏற்றிவிட்டேன். இறாலைக் கூடையில் தட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பினோம்.

நேராக அக்காவிடம் போனோம். அவளுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்த தம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவனே எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்ததும் கையிலிருந்த சீப்பை அவன்மேல் எறிந்தாள்.

“ரெண்டு நாளா மறைச்சு வச்சியா? என் சங்கிலிக்காகவா? நான் கேட்டனா உன்ன?”

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் என்னைப் பெரிய மனசோடு விட்டுவிடப் போகிறாள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

“நீ போய்ச் சேரு. ஆனா பாதி பாதிதான். ஒரு மாசம் தவறுனாலும் காலேஜ் வாசல்ல வந்து நிப்பேன். அப்போ அக்கா ஆட்டுக்குட்டின்னு கொஞ்சுனா கேக்க மாட்டேன்.”

“எப்படிக்கா குடுக்கறது?”

“காலைல வலைக்குப் போ. அப்புறம் பஸ் ஏறு. கம்பெனிக்கு நான் போவல?”

அவ்வளவுதான். அன்றைய இறாலை மதிய ஏலத்தில் விட்டு வந்த பணம் முழுவதையும் சிநேகிதன் என் சட்டைப் பையில் திணித்தான். வீட்டுக்கு ஓடி, குளித்து, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டேன். நைனா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொன்னேன். புரியாமல் பார்த்துவிட்டு, பரணிலிருந்து தன் வெள்ளைச் சட்டையை இறக்கிப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார். பொன்னேரி பஸ் அன்று தத்தித் தத்திப் போனது. கல்லூரி அலுவலகத்தில் நாங்கள் நின்றபோது மூன்றே முக்கால். சேர்க்கைக் கட்டணத்தை எண்ணிக் கொடுத்தேன். நோட்டுகளை வாங்கிய எழுத்தர் விரல்களை மோந்து பார்த்துவிட்டு, “எறாலா?” என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். “நல்ல எறாலா?” என்றார். நைனா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பிறகு வந்த மாதங்களை இப்போது நினைத்தால் எப்படி உடம்பு தாங்கியது என்று தெரியவில்லை. கருக்கலில் ஏரிக்குப் போவோம். ஏழு மணிக்குள் கரை. ஏழரை பஸ். தலை ஈரம் காய்வதற்குள் பொன்னேரி வந்துவிடும். முதல் வகுப்பில் தூங்குவேன். கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் வாசனை போகாது. முதல் மாதம் என் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள், இரண்டாம் மாதம் நான் மட்டும். அது என்னை உறுத்தியது. பொய் சொல்ல மாட்டேன், படகை விட்டுவிடலாமா என்று அப்போது இரண்டு மூன்று தடவை நினைத்தேன்.

நிலைமை மாறியது ஆய்வக வகுப்பில். இறாலை அறுத்து அதன் நரம்பு மண்டலத்தை எடுத்துக் காட்ட வேண்டும். வாங்கி வைத்திருந்த இறால் எல்லாம் ஐஸில் கிடந்து நைந்து போயிருந்தன. எங்கள் பேராசிரியை சலித்துக்கொண்டார். நான் எழுந்து, நாளைக்கு நான் கொண்டு வருகிறேன் மேடம் என்றேன்.

மறுநாள் விடிகாலை விஷயத்தைச் சொன்னதும் சிநேகிதனுக்கு வந்த பரபரப்பைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இறாலாகத் தூக்கிப் பார்த்தான். மீசை ஒடிந்ததை ஒதுக்கினான். கால் போனதை ஒதுக்கினான்.

“இத எடுத்துக்கோ. இது படிச்ச எறா மாதிரி கீது பாரு,” என்று முப்பது இறாலைப் பொறுக்கிப் பாலிதீன் பையில் ஏரித் தண்ணீரோடு கட்டிக் கொடுத்தான். அவை துள்ளிக்கொண்டிருக்கும்போதே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வகுப்பே சுற்றி வந்து நின்றது. ஓட்டைக் கழற்ற எங்கே கத்தரி வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு என் பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வலை இழுத்துக்கொண்டே கேட்பான். “நேத்து இன்னா நடத்துனாங்க?” நான் சொல்வேன். ஒத்துக்கொள்ளவே மாட்டான். நண்டு ஓடு மாற்றுவதைப் பற்றிப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னபோது, “இத எழுதுனவன் நண்டப் பாத்துருக்கானா இல்லையா?” என்றான். சில நாள் அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது. பேராசிரியையிடம் கேட்டு வந்து அதைச் சொன்னால், இரண்டு நாளைக்குக் கரையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான்.

அக்கா சொன்னபடியே கல்லூரி வாசலுக்கும் வந்தாள். இரண்டாம் பருவத் தேர்வு சமயம். பதினைந்து நாள் நான் ஏரிக்குப் போகவில்லை, வட்டியில் என் பங்கு நின்றுவிட்டது. ஒரு மதியம் கம்பெனிச் சீருடையோடு, தோளில் பையோடு கேட்டருகில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். பையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன், பஸ் காசு உட்பட. எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு, “இன்னும் கொறையுது, சனிக்கெழமைக்குள்ள குடு,” என்றாள். பக்கத்தில் நின்ற என் வகுப்புத் தோழன் யார் இது என்று கேட்டான். அக்கா என்றேன். பஸ்ஸில் இருவரும் சேர்ந்துதான் ஊருக்குத் திரும்பினோம். எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, எந்தெந்தப் பாடத்தில் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் வருஷம் தொடங்கி இரண்டு மாதத்தில் கடன் தீர்ந்தது. மூன்று பேரும் பாங்குக்குப் போய் சங்கிலியை மீட்டோம். அவள் அதை அங்கேயே, கவுண்டருக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். படகில் என் பங்கையும் சிநேகிதனே எடுத்துக்கொள்வதாக அங்கே பேசி முடித்தோம். கொஞ்சம் கொஞ்சமாக எனக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான், கொடுத்தும் முடித்தான்.

மறுநாள் விடிகாலை வழக்கம் போல விழிப்பு வந்துவிட்டது. படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. கரைக்கு நடந்தேன். சிநேகிதன் இன்ஜின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, “கடன்தான் தீந்துடுச்சே, தூங்கறதுதானே?” என்றான். நான் படகைத் தள்ளி ஏறிக்கொண்டேன். படிப்பு முடியும்வரை அப்படித்தான் போனேன், காசுக்காக இல்லாமல்.

இப்போது நெல்லூர் பக்கத்தில் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் ஆய்வக வேலை பார்க்கிறேன். கல்விக்கடன் எதுவும் என் பேரில் இல்லை. சம்பளம் மாதாமாதம் வருகிறது. ஏ.சி. அறையில், கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நாட்களின் களைப்பு எனக்கு நினைவுக்கு வருவதில்லை. ஏரியில் வெளிச்சம் பரவும் நேரத்தில் இரண்டு பேர் நண்டு ஓட்டைப் பற்றிச் சண்டை போட்டதுதான் வருகிறது. போன வாரம் அவன் போன் செய்தான். அவனோடு இப்போது பங்கில் இருக்கிற பையன் வலை இழுக்கும்போது வாயே திறப்பதில்லையாம்.

“செம போருடா,” என்றான். “லீவு எப்போ உனக்கு?”